வயிற்றில் ஒரு வாய்

எரிச்சல் தாங்க முடியாத ஒரு காலையில், குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, என் குடலிலிருந்து கசிந்ததில் ஒரு சொட்டைச் சோதனைத் தாளில் தொட்டுப் பார்த்தேன்.

புளிப்பு எவ்வளவு என்பதை நிறத்தை வைத்துச் சொல்லும் தாள் அது. பாலக்கோடு பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையின் லேபில் எனக்கு வேலை. என் கைப்பையில் எப்போது துழாவினாலும் அந்தத் தாள் ஒன்றிரண்டு கிடைக்கும். கூழில் புளிப்பு ஏறியிருந்தால் தாள் சிவப்புப் பக்கம் போகும். வயிற்றில் தோல் வெந்து கிடந்த லட்சணத்துக்கு, தாள் ரத்தச் சிவப்பாகப் போகும் என்று எதிர்பார்த்து நின்றேன்.

போகவில்லை. பச்சையில் வந்து நின்றுவிட்டது. ஏறக்குறைய குழாய்த் தண்ணீருக்கு வரும் நிறம்.

கதவுக்கு வெளியே என் வீட்டுக்காரர் காக்கிச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். பென்னாகரம் ரூட்டில் தனியார் பஸ் ஓட்டுகிறார். முதல் டிரிப்புக்கு நேரமாகிவிட்டது.

“ரொம்ப எரியுதா, சுமதி?”

“எரியுதுங்க. ஆனா ஆசிட் இல்லீங்க,” என்றேன்.

“செரி” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்தத் தகவலை வைத்துக்கொண்டு அவரும்தான் என்ன செய்வார்.

எனக்குத்தான் மண்டை குடைந்தது. புளிப்பே இல்லாத ஒன்று, தோலை எப்படி வேக வைக்கிறது?

இது எப்படி வந்தது

சென்ற வாரம் ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும் சொல்லியிருந்தேன். இந்த வாரம்தான் முதலில் படிக்கிறீர்கள் என்றால், சங்கதி இதுதான். பல வருடமாக என் பெருங்குடல் புண்ணாகிக் கிடந்தது. ரத்தமும் சளியுமாகப் போகும். மாத்திரைக்கு அடங்கும், திரும்பக் கிளம்பும். கடைசியில் மாத்திரைக்கும் அடங்காமல் போனபோது, சேலத்தில் பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் முனையை வலது பக்கம் வயிற்றுத் தோல் வழியாக வெளியே கொண்டுவந்து தைத்துவிட்டார்கள். இனி கழிவு அந்த வழியாகத்தான் வரும். அதன்மேல் ஒரு பை ஒட்டியிருக்கும்.

அந்த முனைக்கு ஸ்டோமா என்று பெயர். வாய் என்றுதான் அர்த்தமாம். அங்கே இருந்த ஸ்டெல்லா சிஸ்டர் சொன்னார். பை வைத்திருப்பவர்களைப் பார்த்துக்கொள்வதற்கென்றே பயிற்சி எடுத்த நர்ஸ் அவர்.

முதல் தடவை பையைக் கழற்றியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். ஈரமாக, சிவப்பாக, நாக்கின் நுனி போல ஒன்று இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லச் சுருங்கியது. பிறகு நிமிர்ந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. தன்பாட்டுக்கு அசைந்தது.

தொட்டுப் பார்க்கச் சொன்னார் சிஸ்டர். தொட்டேன். விரலுக்குத்தான் ஈரம் தெரிந்தது. அதற்கு ஒன்றும் தெரியவில்லை. தொட்டால் வலி தெரியும் நரம்பு அதற்குக் கிடையாதாம். என் உடம்பில் ஒரு பகுதி, நான் தொட்டால் எனக்கே தெரியாது. அழ வேண்டிய நேரத்தில் நான் இதைத்தான் யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

குடிக்காமல் இருந்தால் வராது

வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. உள்ளே போனால்தானே வெளியே வரும்? குறைத்துச் சாப்பிட்டால், தண்ணீரைக் குறைத்தால், பை நிறையாது. பை நிறையாவிட்டால் கசியாது.

கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. இரண்டு இட்லியோடு காலையை முடிப்பேன். எங்காவது வெளியே போகும் நாளில் அதுவும் இல்லை. தண்ணீர் வாயை நனைக்கிற அளவுக்கு மட்டும்.

நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் பாப்பாரப்பட்டி போயிருந்தோம். மண்டபத்தில் எல்லோரும் சாப்பாட்டுப் பந்திக்குப் போக, நான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொண்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எழுந்து நின்றேன். மேடையில் இருந்த மாலைகள் சாய்ந்து வருவது போலிருந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்ததுதான்.

பெருங்குடலின் முக்கியமான வேலையே தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சி உடம்புக்குத் திருப்பித் தருவது. அதைத்தான் எனக்கு எடுத்துவிட்டார்களே. குடிக்காவிட்டாலும் உடம்பிலிருக்கும் தண்ணீர் பைக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். இதை சிஸ்டர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். சொன்னபோது புரிந்ததாகத் தலையாட்டியவள்தான் நான்.

நான் மயங்கி விழுந்ததைப் போனில் சொன்னபோது சிஸ்டர் குரலை உயர்த்தவில்லை. வெறும் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாலும் பிரயோஜனம் இல்லை, அது அப்படியே ஓடிவிடும் என்றார். உப்பு போட்ட கஞ்சி, மருந்துக்கடையில் விற்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல், அதையும் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் குடிக்கச் சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோறு வடித்த கஞ்சி சாக்கடைக்குப் போவதில்லை. வீட்டுக்காரர் டிரிப் முடிந்து வந்ததும் சொம்பைத் தூக்கிப் பார்ப்பார். மிச்சம் இருந்தால் சொம்பை என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்.

சிஸ்டரின் பதில்

பச்சைத் தாள் விஷயத்துக்கு வருகிறேன். அன்று காலையே சிஸ்டருக்குப் போன் போட்டேன். சோதித்துப் பார்த்ததைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். இத்தனை வருஷத்தில் யாரும் இப்படிச் செய்ததில்லை என்றார்.

“ஆசிட் இல்லம்மா. அது செரிக்கிற சாறு. எது கெடைச்சாலும் செரிக்கறதுதான் அதோட வேலை. உங்க தோலயும் சாப்பாடுன்னு நெனச்சுக்குது.”

இந்த ஒரு வாக்கியத்தை அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். என் தோலை நானே செரித்துக்கொண்டிருக்கிறேன்.

பையையும் சாமானையும் எடுத்துக்கொண்டு நேரில் வரச் சொன்னார். போனேன். சேலம் ரயிலில் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பையைத் தோலோடு பிடித்துவைக்கும் ஒட்டுத் தட்டைக் கழற்றியதும் சிஸ்டர் என் தோலை வெகுநேரம் பார்க்கவில்லை. கழற்றிய தட்டைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அதன் நடுவில் நான் வெட்டியிருந்த துளையைப் பார்த்தார்.

“இந்த அளவு எங்கிருந்து எடுத்தீங்க?”

ஆஸ்பத்திரியில் முதல் நாள் வெட்டிக்கொடுத்த அட்டையைக் காட்டினேன். அதை வைத்துக் கோடு போட்டுத்தான் ஒவ்வொரு முறையும் துளை வெட்டுவேன். லேபில் வேலை பார்ப்பவள் இல்லையா, கோடு இம்மி பிசகாது.

வட்ட வட்டமாகத் துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுத்து என் ஸ்டோமாவைச் சுற்றி ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினார். ஆபரேஷன் ஆன புதிதில் அது வீங்கியிருக்கும். வாரங்கள் போகப் போக வீக்கம் வடிந்து சிறுத்துவிடும். சிறுத்துப்போன குடலுக்கு நான் பழைய பெரிய துளையை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே ஒரு மோதிரம் அளவுக்குத் தோல் மூடாமல் கிடந்திருக்கிறது. சாறு அங்கேதான் தன் வேலையைப் பார்த்திருக்கிறது. புண்ணும் சரியாக மோதிர வடிவத்தில்தான் இருந்தது. தினமும் பார்த்திருக்கிறேன். ஏன் அந்த வடிவம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் வெளியே வந்தது. எரிச்சலுக்கு இதமாக இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். எண்ணெய் பட்ட இடத்தில் தட்டு எப்படி ஒட்டும்? ஒட்டாத இடத்தில் மறுபடி கசியும். கசிந்தால் எரியும். எரிந்தால் எண்ணெய்.

வெறும் தண்ணீரில் துடைத்து, ஈரம் போக ஒற்றி எடுத்து, புண்ணில் அதற்கான பொடியைத் தூவி, அதிகப்படியைத் தட்டிவிட்டு, குடலை ஒட்டினாற்போல் துளை வெட்டிய தட்டை ஒட்டினார். அதன்மேல் என் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு உட்காரச் சொன்னார். கைச்சூட்டில்தான் பசை நன்றாகப் பிடிக்குமாம். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ரயிலில் திரும்பும்போது ஜன்னலோரம் தூங்கிவிட்டேன். எரிச்சல் இல்லாமல் தூங்கி வெகுநாள் ஆகியிருந்தது.

ஒவ்வொன்றாக

தோல் ஆறியதும் நாக்கு விழித்துக்கொண்டது.

சிஸ்டர் சொன்ன வழி எளிது. புதிதாக ஒரு பொருளை, ஒரு வேளைக்கு, கொஞ்சமாக. நன்றாக மென்று. என்ன ஆகிறது என்று பார். ஒத்துக்கொண்டால் வைத்துக்கொள். இதைவிட எனக்குப் பிடித்த வேலை உண்டா? கூழைச் சோதிக்கிறவள், என்னையே சோதிக்க ஆரம்பித்தேன்.

கேழ்வரகுக் களியைப் பயந்து பயந்து ஓர் எலுமிச்சை அளவுக்கு உருட்டி விழுங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. சொல்லப்போனால், நீராக ஓடிக்கொண்டிருந்தது கொஞ்சம் கெட்டிப்பட்டது. தயிர் சோறும் வாழைப்பழமும் அப்படியே. தர்பூசணிச் சாறு குடித்த அரை நாழிகையில் பை பாரமாகத் தொங்கியது. அரைக்கீரை போன நிறத்திலேயே வந்தது, இலை நரம்பு உட்பட. முட்டை சாப்பிட்ட நாளில் பையைத் திறந்தவுடன் எனக்கே மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. வெங்காயம் போட்ட சாம்பார் சாப்பிட்டால் பை பலூன் மாதிரி உப்பும்.

பீட்ரூட் பொரியல் சாப்பிட்ட மறுநாள் பை முழுக்கச் சிவப்பு. பழைய வியாதி திரும்பிவிட்டது என்று வீட்டுக்காரரைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் வாசலில் நின்றபடியே யோசித்துவிட்டு, “நேத்து பொரியல் என்ன பண்ண?” என்றார்.

அவருக்கும் இது தொற்றிக்கொண்டுவிட்டது என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். அதற்குப் பிறகு சந்தைக்குப் போனால், வாங்கிய காயை என்னிடம் நீட்டி, இன்றைக்கு இதைப் பார்க்கலாமா என்று கேட்பார்.

தீர்த்தமலை அடிவாரத்தில்

ஒருநாள் காலையில் தீர்த்தமலைக்குப் போனோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் வருவதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தாராம். எனக்கே அப்போதுதான் சொன்னார். மெதுவாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். பை அசையவில்லை. மேலே பாறையிலிருந்து கொட்டும் தீர்த்தம் தலையில் விழுந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இறங்கும்போது பழைய சுமதியாகிவிட்டேன்.

அடிவாரத்தில் வேக வைத்த சோளக்கதிர் விற்றார்கள். ஆவி பறந்தது. உப்பு மிளகாய் தடவி ஒன்று வாங்கி, பேசிக்கொண்டே கடித்துத் தீர்த்தேன். மென்றேனா என்றால், பசிக்கு மென்ற அளவுக்கு மென்றேன்.

மத்தியானத்துக்குள் வயிறு முறுக்கியது. பையைத் தொட்டுப் பார்த்தேன், காலி. இன்னும் கொஞ்ச நேரம் கழித்தும் காலி. நாள் முழுக்கச் சலசலத்துக்கொண்டிருக்கும் குடல் வாயை மூடிக்கொண்டது. வலி அலை அலையாக வந்தது. பிறகு வாந்தி.

அரூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். வாய் வழியாக எதுவும் கூடாது என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றினார்கள். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தோலுக்கு அடியில் குடல் குறுகும் இடத்தில் சோளத்தோல் அடைத்துக்கொண்டிருக்கலாம், காத்திருந்து பார்ப்போம், இல்லாவிட்டால் சேலத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். ஸ்டோமா வீங்கியிருந்தது. அது நெரிபடாமல் இருக்கத் துளையைப் பெரிதாக வெட்டி வேறு தட்டு ஒட்டினார்கள்.

பை நிறைந்துவிட்டதே என்று எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். அன்றைக்கு ஒன்றும் வரவில்லையே என்று அழுதேன். வீட்டுக்காரர் முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்லி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். விடிந்து கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்குள் கடமுடவென்று ஒரு சத்தம். பையில் சூடு பரவியது. பார்த்தால் மஞ்சள் மஞ்சளாக முழுச் சோளம்.

அவர் எட்டிப் பார்த்தார். “ஒண்ணுகூட ஒடையல,” என்றார். வலித்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

மஞ்சுளாவின் அப்பா

மாம்பழ சீசன் வந்ததும் வேலைக்குத் திரும்பினேன். ஆபீஸில் உட்கார்ந்த இடத்து வேலை தருகிறேன் என்று சூப்பர்வைசர் சொன்னதை வேண்டாமென்றுவிட்டேன். லேபில்தான் எனக்கு மூச்சு. வியர்வைதான் பெரிய எதிரி. கூழுக்கான பெங்களூரா ரக மாம்பழம் வந்து இறங்கும் நாட்களில் ஆலைக்குள் அடுப்பில் நிற்பது போலிருக்கும். வியர்த்து வியர்த்துத் தட்டின் ஓரம் எழும்பிவிடும். மாற்றுப் பை எப்போதும் கைப்பையில் இருக்கும். ஆலையில் யாருக்கும் விஷயம் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் தட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது, என்னோடு லேபில் வேலை பார்க்கும் மஞ்சுளா கை கழுவும் இடத்தில் நின்றிருந்தாள். எல்லையோரக் கிராமம் அவளுக்கு. வீட்டில் கன்னடம் பேசுவார்கள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

“அக்கா, உங்களுக்கும் பைதானுங்களா?”

‘உங்களுக்கும்’ என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன்.

அவள் அப்பாவுக்கு இருந்தது. குடலில் ஓட்டை விழுந்து அவசரமாக ஆபரேஷன் செய்து வெளியே வைத்திருக்கிறார்கள். பிறகு உள்ளே வைத்துத் தைத்துவிடலாம் என்று சொன்னது, இதயம் பலவீனம் என்று தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. மனிதர் வீட்டுக்குப் பின்னால் தனி அறையில் படுத்துவிட்டார். ரஸ்க்கும் டீயும்தான் ஆகாரம். வயிற்றை யாருக்கும் காட்டுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரோடு போனேன். மாதப்பா என்று பெயர். நெடுநெடுவென்ற ஆள், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பேச்சுக் கொடுத்தும் திரும்பவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. மஞ்சுளாவைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, சுடிதார் ஓரத்தைத் தூக்கி என் பையைக் காட்டினேன்.

“ஐயா, எனக்கும் இருக்குதுங்க. ஒருக்கா பாருங்க.”

திரும்பினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “நீ வேலைக்குப் போறயாம்மா?” என்று கேட்டார். போகிறேன் என்றேன். பஸ்ஸிலா என்றார். பஸ்ஸில்தான் என்றேன். மெதுவாகத் தன் துண்டை விலக்கினார்.

நான் நர்ஸ் இல்லை. அந்தப் புண்ணைப் பார்த்ததும் நான் தொட வேண்டிய விஷயமில்லை என்று தெரிந்தது. அடுத்த வாரமே அவரை ஸ்டெல்லா சிஸ்டரிடம் கூட்டிப்போனோம். வேறு வகைத் தட்டு, இடுப்புக்கு ஒரு பட்டை, பொடி எல்லாம் கொடுத்து, இதயத்துக்குப் பார்க்கும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு உப்பு எவ்வளவு சேர்க்கலாம் என்பதையும் சொல்லி அனுப்பினார். தோல் ஆற மழைக்காலம் வந்துவிட்டது. அதற்குள் மாதப்பா சோற்றுக்கு வந்து, கூடத்துக்கும் வந்துவிட்டார்.

ஒருநாள் மஞ்சுளாவின் போனில் அவரே பேசினார். ஒரு கேள்வி.

“பம்புசெட் தொட்டில எறங்கலாமாம்மா?”

நான் ஆபரேஷனுக்குப் பிறகு வாளித் தண்ணீரைக் குனியாமல் மொண்டு ஊற்றிக்கொள்கிறவள். தொட்டி, ஆறு எல்லாம் என் வாழ்க்கையிலிருந்து போய்விட்டதாகவே முடிவு செய்து, யாரையும் கேட்காமல் இருந்திருக்கிறேன். சிஸ்டரைக் கேட்டேன். தோல் நன்றாக ஆறியிருந்தால், பையைக் காலி செய்துவிட்டு, தட்டு ஒட்டிக் கொஞ்ச நேரம் ஆனபின் தாராளமாக இறங்கலாம், வெளியே வந்ததும் ஓரங்களை ஒற்றிவிட்டால் போதும் என்றார்.

மறு ஞாயிறு அவர் தோட்டத்துக்குப் போனோம். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் குழாயிலிருந்து வெள்ளையாகக் கொட்டியது. என் வீட்டுக்காரர் பேன்ட்டை மடித்துவிட்டு முதலில் இறங்கிக் கை கொடுத்தார். மாதப்பா வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, தொட்டிச் சுவரைப் பிடித்து ஒரு காலை வைத்தார், அடுத்த காலை வைத்தார். முழங்கால், இடுப்பு. பை தண்ணீருக்குள் போனதும் அப்படியே நின்றுவிட்டார்.

குனிந்து தண்ணீருக்குள் பார்த்தார். தட்டின் ஓரத்தை விரலால் ஒரு சுற்று தடவினார். பிறகு மெல்ல உட்கார்ந்தார். தண்ணீர் மார்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தார். மஞ்சுளா வரப்பில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

கண்ணைத் திறந்தவர் என்னைத்தான் தேடினார்.

“ஒட்டிட்டுத்தான் இருக்குது. நீயும் எறங்கிப் பாரும்மா.”

செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டிச் சுவர்மேல் ஏறினேன்.